மாத்தாள் வரும் வரை

நாட்டரசன்கோட்டையில் தேனம்மை ஆச்சி வீட்டு வாசலில் நானும் என் மருமகனும் போய் இறங்கியபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஐப்பசி மழை அப்போதுதான் ஓய்ந்து, ஓட்டு விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மருமகன் காரைக்குடி செக்காலையில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். மூட்டை சுமந்து என் முதுகு போன பிறகு, கூடமாட அவரோடு போய்வருகிறேன். டார்ச் பிடிப்பேன், பெட்டியைத் திருப்பிக் கொடுப்பேன். அவர் பெயர் அருள்முருகன். எழுதுகிறதால்தான் பெயரைச் சொல்கிறேன். என் மகள் சித்ராவைக் கட்டிய நாளிலிருந்து எனக்கு அவர் மாப்பிள்ளைதான். பெண் கொடுத்தவன் மருமகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களில் கிடையாது.

ஆச்சி அந்த வீட்டை, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். பின்கட்டு அறையில் ஒரு மிலிட்டரி ரேடியோ கிடந்தது. பர்மாவில் சண்டை முடிந்த பிறகு ராணுவத்தார் ஏலம் விட்ட சாமான்களில் ஆச்சியைப் பெற்ற அப்பச்சி எடுத்துக் கப்பலில் கொண்டுவந்தது. வந்த நாளிலிருந்து யாரும் அதைப் போட்டுக் கேட்டதில்லையாம். ஏன் என்று மாப்பிள்ளை கேட்டார். அப்பச்சி போடவிட மாட்டாக என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆச்சி முன்கட்டுக்குப் போய்விட்டார்.

பெட்டியைத் தூக்கிக் கடைக்குக் கொண்டுபோக முடியாது. அவ்வளவு கனம். ரேடியோ ஒரு பெட்டி, அதற்குக் கரண்டு கொடுக்கிற பவர் சப்ளை இன்னொரு பெட்டி. இரண்டும் பச்சை அடித்த இரும்பு. பவர் சப்ளைப் பெட்டியிலேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. அதனால் நாங்கள்தான் வந்து வந்து வேலை பார்த்தோம். உப்பிப்போன கண்டன்சர்களை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தார். தொட்டால் உதிர்கிற ஒயர்களை மாற்றினார். உள்ளே எலிப்புழுக்கை இல்லை, சிலந்திவலை இல்லை. எண்பது வருஷம் கிடந்த பெட்டிக்குள் ஒரு பூச்சிகூடக் கூடு கட்டவில்லை என்பதை நான்தான் கவனித்தேன்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் கதவை ஒட்டி ஒரு பாய் அகலம்தான் வெளிச்சம். அதற்கு அங்குட்டு கருக்கல்.

பழைய பெட்டிக்கு எடுத்த எடுப்பில் நேராகக் கரண்டு கொடுக்கக் கூடாது. நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டிக் கொடுப்பார்கள். உள்ளே எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும், பெட்டி தப்பித்துக்கொள்ளும். வேலை முடிந்த நாள் மாப்பிள்ளை அப்படித்தான் மாட்டினார். காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, மெல்லச் சிவந்து அடங்கியது. பல்பு மாதிரி இருக்கிற கண்ணாடி வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் நூல் நூலாக வெளிச்சம் வந்தது. சூடேறின தூசி வாசனை, உருகின மெழுகு வாசனை.

பிறகு வேறொரு வாசனை வந்தது.

ஆற்றுச் சேறு.

ஸ்பீக்கர் கரகரவென்றது. மாப்பிள்ளை குமிழைத் திருகினார். கரகரப்புக்கு நடுவில் ஒரு ஆள் குரல் கேட்டது. தமிழ். எங்கள் பக்கத்துத் தமிழ்.

“கேக்குதா... யாராச்சும் இருக்கீகளா?”

“ம்” என்றேன்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். “டிவியில செய்தி வாசிக்கிற பிள்ளைக்கும் நீங்க உம் கொட்டுறீகன்னு சித்ரா சொல்லுவா. இது கேக்குற பெட்டி மாமா. நாம பேசுனா அங்குட்டுப் போகாது.”

எனக்கும் சிரிப்பு வந்தது. யார் எதைச் சொன்னாலும் உம் கொட்டிக் கேட்டுத்தான் பழக்கம். கொட்டாவிட்டால் சொல்கிறவர் மனசு நோகும். யாரோ பொழுதுபோக்குக்கு ரேடியோவில் பேசுகிறவராக இருக்கும் என்றார் மாப்பிள்ளை. குமிழை நகர்த்திப் பார்த்தார். குரல் நகரவில்லை. முள்ளை எங்கே வைத்தாலும் அதே குரல்.

அப்போதுதான் என் மடியைப் பார்த்தேன். ஏரியல் ஒயர் சுருட்டினபடி என் மடியிலேயே இருந்தது. இன்னும் மாட்டவே இல்லை.

குரல் பேசிக்கொண்டே போனது. சாக்கோட்டைப் பக்கத்து ஆளாம். வயிற்றுப்பாட்டுக்குப் பட்டாளத்தில் சேர்ந்தானாம். எல்லாரும் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்களாம். மாத்தாளாக வேறொருத்தன் வந்து உட்காருகிறவரை பெட்டியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். தண்ணீர் ஏறி ஏறிக் கழுத்துக்கு வந்துவிட்டதாம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினான். நான் உம் கொட்டினேன். உடனே அடுத்ததைச் சொன்னான்.

எனக்கு அது உறைக்க நேரமானது.

அவன் என் உம்முக்காகக் காத்திருந்தான்.

வாயை மூடிக்கொண்டேன். குரலும் நின்றது. கரகரப்பு மட்டும். மாப்பிள்ளை முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. ஸ்விட்சை அணைக்கக் கை நீட்டினார்.

“அண்ணே” என்றது குரல். வெகு களைப்பான குரல். “ஒங்க பக்கத்துல ஒரு ஆளு ஒக்காந்திருக்காகளே. காதுல மாட்டிக்கிட்டு. அவுகதான் மாத்தாளா? அப்ப நான் போயிட்டு வரட்டுமா?”

நான் யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். வாசலில் நின்று ஒருவர் விடைபெற்றால் வாயில் வருகிற சொல் அது. சாவு வீட்டில் தவிர மற்ற எங்கேயும் நாங்கள் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

“ம். போயிட்டு வாங்க” என்றேன்.

கரகரப்பு நின்றது.

மாப்பிள்ளையின் கை, நீட்டினது நீட்டினபடி நின்றது.

மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று உலுக்கினேன். கண் திறந்திருந்தது, இமை அசையவில்லை. ஹெட்போனைப் பிடித்து இழுத்தேன். காதோடு ஒட்டியிருந்தது. கை சில்லென்று, தண்ணீருக்குள் கிடந்தது மாதிரி ஊறிச் சுருங்கியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். பல்பு அணைந்தது.

வால்வுகள் அணையவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டன்சரில் கொஞ்சம் கரண்டு நிற்கும் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அவர் செய்கிற மாதிரியே திருப்புளியை வைத்துத் தொட்டேன். படீரென்று பொறி பறந்தது. இனி ஒன்றும் மிச்சமிருக்க வழியில்லை. வால்வுக்குள் அந்த ஆரஞ்சு நூல் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை மூக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஒரு கோடாக இறங்கியது.

சித்ராவுக்கு நான் என்ன சொல்வேன்? உன் புருஷனை நானே உட்கார வைத்துவிட்டு வந்தேன் என்றா?

அந்தப் பயத்தில்தான் எனக்கு அது தோன்றியது. போன ஆள் எங்கள் சீமைக்காரன். போறேன் என்று சொல்லவில்லை. போயிட்டு வரட்டுமா என்றுதான் கேட்டான். அப்படியானால் வரத்தானே வேண்டும். பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, ஸ்பீக்கரில் வாயை வைத்துக் கெஞ்சினேன்.

“போயிட்டு வாரேன்னு சொன்னவுக திரும்பி வரணும்ல. வந்துருங்கய்யா. ஒங்களத்தான் கூப்பிடுறேன். வந்துருங்க.”

மறுபடி மறுபடி அதையே சொன்னேன்.

பிறகு பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. முங்கி எழுந்தவன் விடுகிற மூச்சு. மாப்பிள்ளை ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். காலை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்தார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன்.

கதவைச் சாத்தும்போது உள்ளே ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. அந்தப் பாவி திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வருகிற மாதிரி, திணறித் திணறி. இனிமேல் ஒரு உம் கூடக் கொட்டக் கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டேன். அறையைப் பூட்டிவிடச் சொல்லி ஆச்சியிடம் மன்றாடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆச்சி வேகமாக உள்ளே போனார். பெரிய சாவியை எடுத்துவந்து பூட்டினார்.

வாசலில் வண்டிச் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். மயக்கம் தெளியவில்லை என்று நினைத்து ஆட்டோ பிடித்தேன். காரைக்குடி வந்து விளக்குகளும் கடைகளும் தெரிந்ததும், வெளியே தலையை நீட்டி வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டே வந்தார். என் கையை மட்டும் விடவில்லை.

வீட்டில் சித்ரா விளக்கேற்றிவிட்டுக் கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வாங்க, ஏன் அங்கனயே நிக்கிறீக என்றாள் அவள்.

அவர் கை இரண்டையும் மார்போடு சேர்த்துக் கும்பிட்டார்.

“நல்லா இருப்பீக தாயி” என்றார், ஸ்பீக்கரில் கேட்ட அதே குரலில். வெகு களைப்பான குரல். “நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?”

சித்ரா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.