அக்காவின் மூச்சு

அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. அக்காவின் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறினேன். பகலிலும் நடைவழி இருட்டாக, ஈரச்சுவர் நாற்றத்தோடு கிடந்தது.

"வாங்க தம்பி," என்றார் நிறுவனத்தின் முதலாளி. "அக்கா போய் ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் அந்தப் பெட்டியத் தூக்கிட்டு அலையுறீங்களே!"

"அவ எழுதினத நீங்க வித்துக்கிட்டு அலையல?"

பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. அக்கா தனியாளாக எழுதி, தன் குரலையே கொடுத்தாள். சோதித்துப் பார்ப்பதாக வாங்கியவர்தான் இவர்.

"எங்க ஆளுங்க சொந்தமா எழுதினது. குரலும் வேற. வாசிச்சுக் காட்டுற யோசனை என்ன உங்க வீட்டுச் சொத்தா?"

யோசனை யார் வீட்டுச் சொத்தும் இல்லை. ஒரே யோசனையை இரண்டு பேர் தனித்தனியே எழுதலாம். அவள் செய்ததையே அப்படியே எடுத்தார் என்று காட்டினால்தான் அது திருட்டு.

"ஒரு பக்கம் வாசிக்க விடுங்க."

விட்டார். ஓர் ஆண்குரல் இரண்டு வாக்கியம் வாசித்தது.

நடுவே ஒரு மூச்சு. அதன் நுனியில் மெல்லிய விசில்.

இடைவிடாமல் வாசித்தால் கேட்பவருக்குக் காது களைத்துவிடும். அதனால் வாக்கியங்களுக்கு நடுவே வைக்க, அக்கா தன் மூச்சைத் தனிக் கோப்பாகப் பதிந்திருந்தாள். அவளுக்கு ஆஸ்துமா. கடைசியில் அவளைக் கொண்டுபோனதும் அந்த விசில்தான்.

"திருடத் தெரிஞ்சவருக்குத் தொடைக்கத் தெரியலையே, சார்!" என்று கத்தினேன். "செத்தவ மூச்சக்கூடவா விப்பீங்க?"

அவர் முகம் வெளுத்தது. மடமடவென்று கோப்பைத் தேடி அழித்தார். ஒலிபெருக்கி வயரையும் பிடுங்கினார்.

"வித்ததுலயும் இன்னிக்கே அழிச்சிடுவேன். அப்புறம் ஆதாரம் எங்க இருக்கு? காட்டுங்க!"

அறை அடங்கியது.

மூச்சு வந்தது.

கணினியிலிருந்து அல்ல.

"யாரு..." என்றவரின் நெஞ்சு மூச்சை உள்ளிழுத்தது. நுனியில் விசில்.

"நான் எடுக்கல..." விசில். "எங்க ஆளுங்கதான்..." விசில்.

மடிக்கணினியைத் திறந்து அக்காவின் கோப்பை ஓடவிட்டேன். இரண்டும் இம்மி பிசகாமல் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின.  நான் நிறுத்தவில்லை.

நேற்று நீதிமன்றத்தில், நான் போட்ட வழக்கில் கூண்டில் நின்றவர் வாயைத் திறக்கவே மறுத்தார். பதிலுக்காக நீதிபதி காத்திருந்தார். யாரும் அசையவில்லை.

அந்த அமைதியில், அவர் மூடிய உதடுகளுக்குப் பின்னாலிருந்து, அக்கா அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு இழுத்தாள்.