இறங்காத முள்

கம்ப்ரசர் டாங்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் குழாயைச் சிவனாண்டி ஒரு சுற்றுத் திருகியபோது, வழக்கமாக வரும் துருத்தண்ணீர் வரவில்லை. சாம்பல் நிறத்தில், கெட்டியாக, நுரையோடு ஏதோ வழிந்து அவன் விரல்களில் ஒட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வருஷமாக ஓடாத மிஷினுக்குள் எங்கிருந்து வந்தது சூடு?

முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. பழைய ஆயில் வாடைக்கு அடியில், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த நோயாளி வாயைத் திறந்தால் வருமே, அந்த நாற்றம். விரலால் தேய்த்தால் மணல் நெறுநெறுத்தது. சளிதான். நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி. குழாயை இறுக மூடிவிட்டு, வேட்டியில் துடைக்கவும் அருவருத்து, கையை மண்ணில் போட்டுத் தேய்த்தான்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ரோட்டோரம் அவனுடைய பட்டறை. பழைய கம்ப்ரசருக்குப் பச்சைப் பெயிண்டும் புது பெல்ட்டும் போட்டு, அப்கிரேடு செய்தது என்று கூசாமல் விற்பான். இதை வன்னியம்பட்டியில் வாங்கினான். மணலை ஊதி இரும்பில் துரு எடுக்கிற பட்டறை அது. நடத்தியவர் இருமி இருமியே போய்ச் சேர்ந்திருந்தார்.

"தலையில இந்தத் தொப்பியோடதான் அவிய விழுந்தாக அண்ணாச்சி," என்றாள் அவர் மனைவி செல்லத்தாய், மிஷினோடு கிடந்த தொப்பியைக் காட்டி. "அன்னைக்கு நிறுத்தின மிஷினு. உள்ள இருக்க காத்த இங்கனயே தொறந்து விட்டுட்டு ஏத்துங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே ஏற்றி வந்தான். மிஷின் நின்று ஒரு வருஷமாகியும், காற்றழுத்தம் காட்டும் மீட்டர் முள் இறங்கவில்லை. வாங்க வருகிறவனுக்கு அதைக் காட்டினால் போதும், லீக் இருக்கிறதா என்று வாயே திறக்க மாட்டான். அந்தக் காற்றை எவனாவது திறந்து விடுவானா?

கையைத் தேய்த்து முடிப்பதற்குள் வத்திராயிருப்பு முத்துவீரன் மிஷினை விலைக்குப் பார்க்க வந்து நின்றார். நேரம் பார்த்துக் கரண்டு போயிருந்தது. சிவனாண்டி பிள்ளைபோல் வளர்த்த தம்பி விஜயபாண்டி, பன்னீர் சோடாவைக் குடித்து முடித்து ஏப்பம் விட்டபடி தொப்பியைக் கையில் எடுத்தான். தலையையும் கழுத்தையும் மூடுகிற கண்ணாடி வைத்த தொப்பி. மூச்சுக்கான காற்றும் அதே டாங்கிலிருந்துதான் வரும். நடுவே ஒரு ஃபில்டர் வேண்டும். இந்தப் பக்கம் எவன் போடுகிறான்?

"கரண்டு எதுக்குண்ணே? உள்ள இருக்க காத்துலயே ஒரு இரும்புக் கேட்டுல மணலடிச்சுக் காட்டிருதேன்."

சிவனாண்டி வாயைத் திறந்தான். முத்துவீரன் பக்கத்தில் நின்றார். சளி வந்தது என்று இவர் முன்னால் எப்படிச் சொல்வது? செத்த நேரம்தானே. தம்பி தலையில் மாட்டிய தொப்பியின் ஹோஸை எடுத்து டாங்கில் பொருத்தினான்.

கேட்டில் மணல் சீறியது. துரு பறந்தது. பிறகு அந்தச் சீற்றத்துக்கு அடியில் ஓர் இருமல். இளவட்டத்தின் இருமல் அல்ல. ஈரமான, இழுத்து இழுத்து வருகிற கிழட்டு இருமல்.

தம்பியின் கையிலிருந்து மணல் ஹோஸ் விழுந்தது. மணல் நின்றது. இருமல் நிற்கவில்லை. அது டாங்குக்குள்ளிருந்தும் கேட்டது.

"முள்ளு இறங்கவே இல்லையே! நல்ல மிஷினுதான்," என்றார் முத்துவீரன்.

சிவனாண்டி பார்த்தான். முள் இறங்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தது.

"ஏலே! கழட்டுலே அத!"

ஓடினான். தொப்பியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கண்ணாடியின் உட்புறம் முழுக்கச் சாம்பல் நுரை. வால்வை மூடினான். தொப்பியின் ஹோஸ் டாங்கை நோக்கி வெட்டி வெட்டி இழுத்தது. தம்பியின் நெஞ்சு உள்ளே போனது. முள் ஏறியது. மறுபடியும் உள்ளே. மறுபடியும் ஏறியது.

அவன் இறுக்கி மூடிய குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. கெட்டியாக, வெதுவெதுப்பாக, அவன் பாதத்தின் மேல்.

பன்னீர் சோடா வாடை அடித்தது.