சேர் எட்மண்டின் கையுறை

படத்தில் இருந்த மனிதனின் கீழுதடு ஈரமாக இருந்தது.

தக்ஷிகா முதலில் கூரையைத்தான் பார்த்தாள். லண்டனில் ஒரு பழைய வீட்டுக்குள் எது நனைந்திருந்தாலும் முதல் சந்தேகம் கூரைமேல்தான். கூரை காய்ந்திருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நேற்றுவரை அவள் துடைத்தது நெற்றியையும் காதையும் மட்டும்தான், மூக்குக்குக் கீழே அவள் இன்னும் வரவேயில்லை. நூற்றைம்பது வருடத்து அடுப்புப்புகையும் மெழுகுவர்த்திக் கரியும் படிந்து மண்ணிறமாகிவிட்ட அந்த முகத்தில் உதடு மட்டும், இப்போதுதான் நாக்கால் தடவிவிட்டதுபோல் மினுங்கியது.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் தொழில். அந்தத் தொழிலில் வெளியே அதிகம் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. எண்ணெய் ஓவியத்தின் மேலழுக்கை எடுக்க மனித எச்சிலுக்கு நிகரான மருந்து குறைவு. மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, வாயில் வைத்து நனைத்து, படத்தின்மேல் மெல்ல உருட்ட வேண்டும். அழுக்கானதை எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு சுற்ற வேண்டும். படத்தில் பட்ட பஞ்சு மறுபடி வாய்க்குப் போகவே கூடாது, அது முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம். இதையெல்லாம் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுடைய அம்மா சிவகௌரி, கோயிலில் யாராவது மகளுக்கு என்ன வேலை என்று கேட்டால் "மியூசியத்தில" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகு, "எச்சில் படுத்திறதுக்கோ ஆறு வருசம் படிச்சனி?" என்று மகளைப் பிடிப்பார்.

இந்தப் படம் ஆளுயரத்துக்கும் மேலே. மாடிப்படியால் இறக்க ஏலாதென்று அவளே தினமும் கென்சிங்டனில் உள்ள இந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரி மிஸஸ் விட்கம் எச்சில் கையால் காகம் விரட்டாத மனுஷி. தன்னுடைய அறையைத் தவிர வேறெங்கும் ஹீட்டர் போட விடமாட்டார். டிசம்பர் மாதம், பகலே அரைப் பகல். கம்பளத்தில் ஏறிய பூஞ்சண வாசமும், டர்பன்டைன் நெடியும், கீழே எங்கோ ஒரு கடிகாரம் சளி பிடித்த தொண்டையோடு அடித்துக்கொள்வதும்தான் அவளுக்குத் துணை.

ஆனால் வேலை அவளுடையது. தனியாக, தன் பெயரில் எடுத்த முதல் வேலை. இதைப் பார்த்துத்தான் ஒரு மியூசியம் மூன்று வருட ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அன்று புதன்.

உதட்டு ஈரத்தை ஒரு பஞ்சால் ஒற்றி எடுத்தபோது போன் அடித்தது. ரதீசன். ரெய்னர்ஸ் லேனில் மருந்துக்கடை வைத்திருக்கிறான், மூன்று வருடமாக அவளைக் காதலிக்கிறான், மார்ச் மாதம் கலியாண எழுத்து. நல்லவன். அவளுக்கு அவனைப் பிடிக்கும், அதுதான் சிக்கலே.

"மோதிரம் வந்திட்டுது," என்றான். "நாளைக்கு நாலு மணிக்கு உம்மை ஏத்த வாறன். விரலுக்குச் சரியோ எண்டு பாப்பம்."

"ரதீ, அந்த மியூசியத்துக்குப் பதில் போட வேணும்."

"அதைத்தான் நானும் யோசிச்சனான். ஏன் உமக்கு இந்தக் கஷ்டம்? குளிருக்குள்ள நிண்டு, ஆரோ ஒருத்தன்ர முகத்தை நக்கிக்கொண்டு..."

"நான் நக்கிறேல்லை."

"சரி, கோவிக்காதையும். நான் உம்மை ராணி மாதிரி வச்சிருப்பன். ஆசைக்கு வீட்டில இருந்து படம் கீறலாம்தானே? வேண்டாமெண்டே சொன்னனான்?"

அவள் போனை வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கையிலிருந்த பஞ்சை வழக்கம்போல் வாயில் வைத்தாள். சுருட்டு ருசித்தது. பிறகு இரும்பு. அதற்கும் அடியில் வேறொரு வாயின் கதகதப்பு. துப்பிவிட்டுப் பார்த்தபோதுதான் எந்தப் பஞ்சை வாயில் வைத்தாள் என்று புரிந்தது.

சிரித்துச் சமாளித்தாள். மோர்டனில் சின்ன வயதில் தட்டில் கடைசி ரோல்ஸ் கிடக்கும்போது அவளும் தம்பி சுஜீத்தும் போட்டிபோடுவார்கள். முந்திக்கொண்டவர் அதை ஒரு நக்கு நக்கிவிட்டு, "எச்சில் பண்ணிட்டன், இனி எனக்குத்தான்" என்பார். அதற்குமேல் வழக்கே கிடையாது. அம்மாவுக்கும் அந்தத் தீர்ப்பை மாற்ற முடியாது. இரண்டு கிழமையாக இந்த ஆளின் நெற்றியையும் காதையும் எச்சில் பண்ணியது அவள்தான். அவனும் இப்போது அவளை எச்சில் பண்ணிவிட்டான் என்று நினைத்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது.

மதியம் மிஸஸ் விட்கம் தேத்தண்ணீரோடு வந்து, படத்தின் முன்னால் நின்று கதை சொன்னார். படத்தில் இருப்பவர் சேர் எட்மண்ட் என்ற பிரபு. கீறியது ஆகஸ்டா, தன் தூரிகையால் தன் சோற்றைத் தேடிக்கொண்ட பெண். பிரபுக்களின் மாளிகைகளில் அவளுக்கு ஏக வரவேற்பு இருந்ததாம். சேர் எட்மண்ட் அவளைப் பெண் கேட்டபோது, கலியாணத்துக்குப் பிறகும் கீறுவேன் என்று அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அவர் விருந்தினர் முன்னால் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மாப்பிள்ளையாக அவர் வந்து இருந்து கொடுத்த படம்தான் இது.

"பிறகு?" என்றாள் தக்ஷிகா.

"பிறகு அவள் ஒன்றும் கீறவில்லை. வலது கையில் ஏதோ வருத்தம். நாற்பது வருடம் கையுறை போட்டே இருந்தாள். எந்த விருந்திலும் அவர் அந்தக் கையை விட்டதே கிடையாது, பிடித்தபடியேதான் இருப்பார். அவ்வளவு அன்பு." மிஸஸ் விட்கம் பெருமூச்சு விட்டார். "இந்தக் காலத்து ஆண்கள் யார் அப்படி?"

அவர் கீழே போன பிறகு அவள் முகத்தை விட்டுவிட்டு மடிக்கு இறங்கினாள். முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. சேர் எட்மண்ட் மடியில் ஒரு வெள்ளைக் கையுறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெள்ளை, பஞ்சு பட்டதும் சுண்ணாம்புபோல் கரைந்து வந்தது. பிற்காலத்தில் யாரோ நீர்ச்சாயத்தை மேலே பூசியிருக்கிறார்கள். அவளுக்கு உற்சாகம் பிறந்தது. மறைத்ததை வெளியே கொண்டுவருவதுதானே இந்தத் தொழிலின் சந்தோஷம். உருட்டினாள், நனைத்தாள், உருட்டினாள். வாய் வறண்டுபோன போதும் நிறுத்தவில்லை.

நாலு மணிக்கு வெளிச்சம் செத்தபோது அவள் முன்னால் ஒரு நகம் இருந்தது.

இரவு முழுக்க அதையே நினைத்துக் கிடந்தாள். காலையில் அம்மா சோறு கட்டித் தந்தபோது வலது கையால் பெட்டியைப் பிடிக்க முடியவில்லை, மரத்திருந்தது. குளிர் என்று சொல்லிக்கொண்டாள். திரும்பிப் போகாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தாள். ஆனால் பாதியில் விட்டுவிட்டு வந்தவளுக்கு எந்த மியூசியம் வேலை கொடுக்கும்? அப்படி விட்டால் ரதீசன் ஒன்றும் சொல்லமாட்டான். அன்பாகச் சிரிப்பான். அதை நினைத்தபோது பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது, கிளம்பிவிட்டாள்.

வியாழன் மூன்று மணிக்குள் வெள்ளை முழுவதும் கழன்றுவிட்டது. அது உறையே இல்லை. மணிக்கட்டோடு நின்றுபோன ஒரு பெண்ணின் வலது கை. நகத்தடியில் நீலச் சாயம் அடைந்திருந்தது. சேர் எட்மண்ட் அதை ஒரு குருவியைப் பிடிப்பதுபோல் பக்குவமாகப் பிடித்திருந்தார்.

இந்தப் படம் கலியாணத்துக்கு முந்தியது. மூலையில் ஆகஸ்டாவின் கையெழுத்தும் தேதியும் தெளிவாக இருந்தன. அப்படியானால் மடியில் கிடக்கும் இந்தக் கையைக் கீறியது யார்?

பூதக்கண்ணாடியை எடுத்தாள். சேர் எட்மண்டின் கோட்டில் தூரிகைத் தடம் தெரிந்தது. நாற்காலியில் தெரிந்தது. அவருடைய விரல்களில்கூடத் தெரிந்தது. அந்தக் கையில் மட்டும் தடமே இல்லை. தோலின் துவாரங்கள் இருந்தன. மெல்லிய மயிர் இருந்தது. அவள் மூச்சு பட்டதும் அந்த மயிர் அசைந்தது.

பின்னால் நகர்ந்தாள். முக்காலி விழுந்தது. கீழே கடிகாரம் நின்றிருந்தது, எப்போது நின்றதென்று தெரியவில்லை. சுருட்டு வாசம். அறையில் இல்லை. அவள் வாய்க்குள்.

படத்தின்மேல் துணியை இழுத்துப் போட்டாள். பையை எடுத்தாள். கதவு. பித்தளைக் குமிழைத் திருப்பினாள். கை வழுக்கியது. மறுபடி திருப்பினாள். மறுபடி வழுக்கியது. குமிழில் ஏதோ ஒட்டியிருந்தது.

பழுப்பு நிறம். அவள் நிறம்.

பூதக்கண்ணாடியை இடது கையில் எடுத்தாள். வலது கையின்மேல் பிடித்தாள். வேண்டாம், பார்க்காதே என்று தனக்கே சொன்னாள். பார்த்தாள்.

துவாரங்கள் இல்லை. மயிர் இல்லை. தூரிகைத் தடம் இருந்தது. நல்ல கைகாரர் ஒருவர் இழுத்த தடம், இன்னும் காயாதது.

கதவு வெளியிலிருந்து திறந்தது. ரதீசன். மழையில் நனைந்த கோட்டு, கையில் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டி, முகம் நிறையச் சிரிப்பு.

"நாலு மணி எண்டு சொன்னனான். ஏன் இப்பிடி முழிக்கிறீர்? கையைத் தாரும்."

"தொடாதேங்கோ ரதீ. தயவுசெய்து தொடாதேங்கோ."

"இன்னும் கோவமோ?" அவன் அருகில் வந்தான். "இருட்டுக்குள்ள நிண்டு என்ன செய்யிறீர்? ஒரு லைட்டாவது போட ஏலாதே?" அவளுடைய வலது கையைத் தேடி எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். அவளுக்கு நோகவில்லை. எதுவுமே தெரியவில்லை.

"என்ன, இவ்வளவு மெத்தெண்டு இருக்கு," என்றான் ஆசையாக. மோதிரத்தை விரலில் மாட்டித் தள்ளினான். அது தங்குதடையின்றிப் போனது. மோதிரத்துக்கு முன்னால் விரலின் நிறம் சுருண்டு திரண்டது.

"ஒண்டு சொல்லவேணும். நீர் ஏசக்கூடாது. உம்மட ஈமெயிலில இருந்து அந்த மியூசியத்துக்கு எழுதிப்போட்டன், நீர் வரேல்லை எண்டு. நீர் கிடந்து யோசிச்சு உருகிறதை எனக்குப் பாக்க ஏலாமல் கிடந்தது. இனி ஒரு கவலையும் இல்லை. நான் கைப்பிடிச்சாப் பிறகு உமக்கு என்ன குறை?"

அவன் இறுக்கிப் பிடித்தான், அன்பாக. அவனுடைய விரலிடுக்குகளால் பழுப்பும் இளஞ்சிவப்பும் பிதுங்கி, சட்டைக் கையில் வழிந்தன. அவன் கீழே பார்க்கவில்லை. அவள் கண்ணீரைச் சந்தோஷம் என்று நினைத்து, அவள் நெற்றியில் முத்தமிட்டுக்கொண்டிருந்தான்.

அவன் தோளுக்குமேலால் அவள் பார்த்தாள். துணி நழுவித் தரையில் கிடந்தது. சேர் எட்மண்டின் மடியில் இப்போது இரண்டு கைகள். ஒன்று வெளுத்தது, அசையாதது. மற்றது பழுப்பு. அதன் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேடித் தேடி, இல்லாத ஒரு குச்சியில் இல்லாத பஞ்சைச் சுற்றிக்கொண்டிருந்தன. சேர் எட்மண்ட் அது களைத்து ஓயும்வரை பொறுமையாகத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.