மதகடி முழுக்கு

படுக்கையை விட்டே எழாத மகளின் பாதங்களில் அன்று காலையும் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. சூசையம்மாள் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, வைக்கோல் தண்ணீரில் ஊறி அழுகும் வாடை அந்த வாய்க்கால்கரைக் குடிசை முழுக்கப் பரவி, அடுப்புப் புகையையும் மீறி அவள் தொண்டையில் வந்து நின்றது.

அந்த வாடை அவளுக்குத் தெரியும். கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கம் வேலைநிறுத்தம் செய்த குறுவை அறுவடைக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அவர்களில் ஒருத்தி இடது கையால் அறுத்தாள். உள்ளூர்ப் பெண்கள் கேலி செய்தார்கள். சூசையம்மாளும் வாய்விட்டுச் சிரித்தாள். சங்கத்தாருக்கும் வந்தவர்களுக்கும் கைகலப்பு நடந்த மறுநாள் அந்தப் பெண் மதகடியில், ஊறி அழுகிய வைக்கோலுக்கு நடுவே குப்புறச் செத்துக் கிடந்தாள். பேர்கூட யாருக்கும் தெரியவில்லை. முதலில் பார்த்தது மகள் பிலோமி. அன்றைக்குப் படுத்தவள்தான்.

மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பிலோமியின் கழுத்தில் மாதா படம் தைத்த கயிறான உத்தரியத்தைப் போட்டார். "மறைமாவட்ட ஆயர் உத்தரவு இல்லாம நான் பேய் ஓட்டக் கூடாதும்மா. கேட்டிருக்கேன். அதுவரைக்கும் இதைக் கழட்டிடாத."

உத்தரவு வருவதற்குள் பிள்ளை செத்துப்போகும் என்று புருஷன் அடைக்கலம் கத்தினான். புதிதாகச் சேர்ந்த ஜெபக்கூட்டத்துப் பாஸ்டரைக் கையோடு அழைத்துவந்தான். அவர் யார் உத்தரவுக்கும் காத்திருக்கிறவர் இல்லை. "இயேசு நாமத்துல இப்பவே போகும். ஆனா இந்தக் கயிறு விக்கிரகம், கழட்டுங்க. கைக்குழந்தைல தலையில தெளிச்ச தண்ணி ஞானஸ்நானமே இல்ல. முழுக்கு குடுக்கணும்."

"மதகடியிலயா?" என்றாள் சூசையம்மாள்.

"அங்கதான் இடுப்பளவு தண்ணி கிடக்கு," என்றான் அடைக்கலம்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பிள்ளை பிழைத்தால் போதும் என்றும் இருந்தது. அவளே உத்தரியத்தைக் கழற்றினாள்.

வெயில் சாயும் நேரம். பாஸ்டர் பிலோமியின் மூக்கைப் பொத்தித் தண்ணீருக்குள் சாய்த்தார். குமிழி வந்தது. நின்றது. எழுந்தவள் யார் கையையும் பிடிக்காமல் கரையேறினாள். "அல்லேலூயா" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. அடைக்கலம் விம்மி அழுதபடி பாஸ்டரை வழியனுப்பப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்றாள் மகள். சூசையம்மாள் மனம் குளிர்ந்து சோறு போட்டாள். பாதத்தில் சேறு இல்லை. வாடையும் இல்லை.

மகள் சாப்பிட்டாள். இடது கையால்.

வெளியே தவளைச் சத்தம் அடங்கியிருந்தது. மதகுப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "அருள் நிறைந்த மரியே..." பிலோமியின் குரல். செபம் சொல்லும்போதெல்லாம் 'இறப்பின் வேளை' என்ற இடத்தில்தான் பிலோமி திக்குவாள். அங்கேயே திக்கியது. மறுபடி முதலிலிருந்து.

சூசையம்மாள் உத்தரியத்தை எடுத்தாள். வாசலுக்கு ஓடினாள்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. இடது கை. விரல்களில் சோற்றுப் பருக்கை. கதவைச் சாத்தியது. தாழ்ப்பாள் போட்டது.

மகளின் முகம் அவள் முகத்தருகே வந்தது.

"இப்பச் சிரிங்களேன்," என்றது.