முகம் காட்டாத ஜோடி

அந்த மாடி அறைக்கு அப்பாவும் மகளும் குடிவந்ததற்கு ஒரே காரணம், அங்கே நெட் நன்றாக எடுக்கும் என்று வீட்டுக்காரத் தையல்காரம்மா சொன்னதுதான். மற்றபடி அந்த அறையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்து இருந்தது. பட்டப்பகலில் லைட் போட்டால்தான் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியும். சுவரில் ஈரம் ஏறி, நனைந்த சாக்கு நாற்றம் அடித்தது.

அப்பாவைத் தெருவில் எல்லாரும் வெல்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயுசெல்லாம் நெருப்புப் பொறியைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது. முழுசாகப் போகவில்லை. நடுவில் ஒரு கருப்பு, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கோழி மாதிரி தலையைச் சாய்த்துப் பார்ப்பார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு யார் வேலை கொடுப்பார்கள். மகள் பில் போட்டுக்கொண்டிருந்த கடையும் மூடிவிட்டது. அதனால்தான் அவள் ஆன்லைனில் கோடிங் சொல்லிக்கொடுக்கிற பூட்கேம்ப் ஒன்றில் சேர்ந்தாள். படித்து முடித்தால் கம்பெனி வேலை என்று சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் இருவருக்கும் சோறு. கிடைக்காவிட்டால் என்ன என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

“ஊர் பேர் தெரியாதவன் கம்பிக்குள்ள இருந்து பேசுறான். அவன நம்பி உக்காந்திருக்க” என்றார் வெல்டர்.

“நம்பாம என்னப்பா செய்யச் சொல்றீங்க?”

அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாரையும் இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் கை, ஒருவர் கண். கை எழுதும். கண், தன் ஸ்கிரீனில் அதைப் பார்த்துத் தப்பைச் சொல்லும். கொஞ்ச நேரம் போனதும், கை என்று இருப்பவர் ‘உங்க முறை’ என்று சொல்லிவிட்டு, கீபோர்டிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மற்றவர் கை, இவர் கண். முறையைக் கேட்டுப் பறிக்கக் கூடாது. வைத்திருப்பவர் வாயால் கொடுத்தால்தான் உண்டு. வாத்தியார் முதல் நாளே இதைக் கறாராகச் சொல்லியிருந்தார்.

மகளுக்கு வாய்த்த ஜோடி எங்கேயோ இருந்த ஒரு பெண். அவள் ஒருநாளும் முகத்தைக் காட்டியதில்லை. ஸ்கிரீனில் அவளுக்குரிய கட்டம் கருப்பாகவே இருக்கும். அதிலிருந்து ஒரு வறட்டு இருமல் வரும். யோசிக்கும்போது அவள் நகத்தால் மேஜையைத் தட்டுவாள். நீளமான நகம் போலிருக்கிறது. டிக், டிக், டிக். கண் போன மனுஷனுக்குக் காது கூர்மை. அந்தச் சத்தம் வெல்டருக்குப் பிடிக்கவே இல்லை.

“மூஞ்சியக் காட்டாதவகிட்ட என்ன கூட்டு உனக்கு?”

“அவங்க வீட்ல வெளிச்சம் கம்மியாம்பா. ஒடம்பு வேற சரியில்ல. ஆனா செம மூளை. எனக்கு ஒரு நாள் ஆகுறத நொடியில சொல்லிடுவாங்க.”

“அவ்வளவு தெரிஞ்சவ எதுக்குப் படிக்க வந்தா?”

“உங்களுக்கு யாரத்தான் புடிக்கும்? கீழ தையல்காரம்மா டீ குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தானே குடிக்கிறீங்க.”

“மோந்து பாத்ததாலதான் இன்னும் இருக்கேன்.”

மகள் சிரித்தபடி நகத்தைக் கடித்தாள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். பத்து விரலிலும் நகமே கிடையாது. சதை வரைக்கும் கடித்து வைத்திருப்பாள். அம்மா இருந்தவரை வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். அதையும் சேர்த்துத் தின்றவள் இவள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் ஜோடி வரவில்லை. கருப்புக் கட்டம் மட்டும் இருந்தது. இருமல் இல்லை, நகச் சத்தம் இல்லை. மகள் தனியாகவே எழுதிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு எரர். எத்தனை தடவை மாற்றினாலும் அதே எரர். வெல்டர் கட்டிலில் படுத்து, அவள் மூச்சு கனப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழக்கதோஷம். வேறொன்றும் இல்லை. சலித்துப்போய் மகள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான கருப்புக் கட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

“உங்க முறை.”

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நனைந்த சாக்கு நாற்றம் திடீரென்று கூடியது போல் இருந்தது.

அப்புறம் கீபோர்டு ஓட ஆரம்பித்தது.

வேகமாக, தயங்காமல் ஓடியது. வெல்டருக்கு நிம்மதியாக இருந்தது. மகளுக்கு வழி பிடிபட்டுவிட்டது என்று நினைத்தார். பார்க்கலாமே என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

மகளின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

“பாப்பா.”

“ஷ்ஷ். அவங்க லைனுக்கு வந்துட்டாங்கப்பா. அங்கேருந்து அடிச்சா இங்க எழுத்து வரும்.”

“எழுத்து வரட்டும். இங்க கட்டை எப்படி அமுங்குது?”

அவள் குனிந்து பார்த்தாள். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. “எதுவும் அமுங்கலயே. உங்க கண்ணு இருக்குற லட்சணத்துல...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எரர் சரியாகியிருந்தது.

கண்ணைக் குறை சொன்னால் அவர் என்ன பேசுவார். ஆனால் கண்தானே கெட்டது, காது கெடவில்லையே. சத்தம் நின்ற பிறகு மேஜை மரத்தில் அவர் வேறொன்றைக் கேட்டார். ஸ்பீக்கரில் இருந்து வரவில்லை அது. மகளின் நாற்காலிக்கு இந்தப் பக்கம், கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த காலி நாற்காலியின் முன்னிருந்து வந்தது.

டிக், டிக், டிக்.

அதிலிருந்து தினமும் இப்படித்தான் நடந்தது. மகள் கொஞ்சம் எழுதுவாள். முட்டிக்கொண்டதும் ‘உங்க முறை’ என்பாள். கீபோர்டு ஓடும். மகள் கண்ணாக இருந்து பார்ப்பாள். ஒரு கட்டத்தில் சத்தம் நிற்கும். காதோடு யாரோ சொன்னதுபோல் அவள் தலையாட்டிவிட்டு மறுபடி கையை வைப்பாள். வகுப்பில் அவள் பெயர் மேலே ஏறிக்கொண்டே போனது.

ஒரு நாள் பூட்கேம்ப் வாத்தியாரே அழைத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“சிஸ்டர், ஒரு வருத்தமான விஷயம். உங்க ஜோடியா இருந்தவங்க தவறிட்டாங்க. மழை புடிச்சுதே, அந்த வாரமே. அவங்க வீட்டுல இருந்து இன்னிக்குத்தான் தகவல் வந்துச்சு. இத்தன நாள் நீங்க ஒருத்தரே ரெண்டு பேர் வேலையச் செஞ்சிருக்கீங்க. உண்மையிலேயே பெரிய விஷயம்.”

மகள் அழைப்பு முடிந்ததும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்புப் பட்டியலில் அந்தக் கருப்புக் கட்டம் இப்போது இல்லை.

வெல்டர் எழுந்து உட்கார்ந்தார். “மூடு அத.”

“அப்பா.”

“மூடுன்னு சொல்றேன். செத்தவ கூட என்ன படிப்பு? வா, இந்த ரூமே வேணாம். ரோட்ல படுத்துக்கலாம்.”

மகள் மெல்லச் சொன்னாள். “கடைசி பரீட்சை மட்டும்தான்பா பாக்கி. என்னால தனியா முடியாது. எனக்கு இது ஏறவே இல்ல. ஆரம்பத்துலேருந்தே அவங்கதான் செஞ்சாங்க. நான் சும்மா பாத்துட்டிருந்தேன்.”

“ஏறலன்னா விட்டுத் தொல.”

“விட்டுட்டு?”

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வெல்டர் தலை குனிந்துகொண்டார். அவருடைய கண்ணுக்கு ஊற்றும் மருந்து புட்டி ஜன்னலில் காலியாக நின்றது. பெற்ற பெண்ணைப் பேய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் சும்மா இருந்தார்.

பரீட்சை அன்று வானம் இருட்டிக் கிடந்தது. மகள் கதவைச் சாத்தி உட்கார்ந்தாள். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ‘உங்க முறை’ என்று சொன்னாள். கீபோர்டு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

“போதும், நான் முடிக்கிறேன்” என்றாள் மகள்.

நிற்கவில்லை.

“இப்ப என் முறை. குடுங்க.”

நிற்கவில்லை.

“குடுத்துடுங்க, ப்ளீஸ்.”

வெல்டர் கட்டிலை விட்டுப் பாய்ந்தார். தடவித் தடவி மேஜையைப் பிடித்தார். லேப்டாப்பின் வயரைப் பிடுங்கினார். அதை அப்படியே தூக்கித் தரையில் அடித்தார். ஏதோ உடைந்து சிதறியது. ஸ்கிரீன் இருண்டது.

ஆனால் தட்டும் சத்தம் அப்படியே கேட்டது.

தலையைச் சாய்த்துப் பார்த்தார். மகளின் விரல்கள் வெறும் மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் அவையும் நின்றன. மகள் பெருமூச்சு விட்டாள்.

“அனுப்பியாச்சு” என்றாள். வறட்டு இருமல் ஒன்று வந்தது.

வேலை கிடைத்துவிட்டது. தையல்காரம்மா மாடியேறி வந்து வாழ்த்தினாள். “உங்க பொண்ணு மாதிரி வருமா? இனிமே நீங்க கால் மேல கால் போட்டு உக்காருங்க” என்றாள். கம்பெனிக்காரர்கள் புது லேப்டாப் அனுப்பினார்கள். மருந்து வந்தது. அரிசி வந்தது. நல்ல லைட் ஒன்று வந்தது. அந்த வெளிச்சத்தில் மகள் டீ தம்ளரை நீட்டியபோது, அதில் ஏதோ பட்டுக் கணீரென்றது. வெல்டர் தம்ளரை வாங்காமல் அவள் கையைப் பிடித்துத் தடவினார்.

பத்து விரலிலும் நகம் இருந்தது. நீளமாக, வழுவழுப்பாக.

“பாப்பா, நகம் கடிக்கிறத விட்டுட்டியா?”

“நான் எப்பவும் கடிச்சதில்லயே” என்றாள் அவள், மரியாதையாக. அப்பா என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து சொல்லவே இல்லை.

வேறு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டுப் பார்த்தார். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. தன் வீட்டிலேயே யாருக்கோ விருந்தாளியாக இருந்து தின்றார்.

ஒரு சாயங்காலம் அவள் ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வெல்டர் கட்டிலில் உட்கார்ந்து, முழங்கால்மேல் கையை வைத்திருந்தார். மேஜைக்குப் பக்கத்தில் அந்தக் காலி நாற்காலி கிடந்தது. கண்ணாக இருப்பவர் உட்காருகிற இடம். அதிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

பல்லால் நகத்தைக் கடிக்கிற சத்தம்.

அவர் அசையவில்லை.

“அப்பா” என்றது நாற்காலி. மகளின் பழைய குரல். “எல்லாம் பாத்துட்டுத்தான் இருக்கேன்ப்பா. பேசினா யாருக்கும் கேக்கல.”

“பாப்பா.”

“அவங்க முறையத் திருப்பிக் குடுக்க மாட்டேங்குறாங்க. ரொம்பக் குளிருது. யாராவது குடுத்தாத்தான் உண்டு.”

இது மகள்தானா என்று வெல்டர் நினைக்காமல் இல்லை. டீயைக்கூட மோந்து பார்க்கிற மனுஷன். அறையில் நனைந்த சாக்கு நாற்றம் மூக்கை அடைத்தது.

அவர் மோந்து பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, காய்ப்பேறிய கைகள் இரண்டையும் முழங்காலிலிருந்து எடுத்து மல்லாக்க மடியில் வைத்தார்.

“இந்தா பாப்பா” என்றார். “உன் முறை.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கூடவே வறட்டு இருமல். கைப்பிடிக் கம்பியில் நகம் படுகிற சத்தம்.

கதவு திறந்தது. அவள் லைட்டைப் போட்டாள்.

கட்டிலில் கிழவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலதுகைப் பெருவிரல், அவரைக் கேட்காமலே மெல்ல மேலே எழும்பி உதட்டுக்குப் போனது. பற்கள் நகத்தைக் கவ்வின. சதைவரை கடித்தன.

காலி நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது, யாரோ கனமான ஆள் உட்கார்ந்தது போல.