அது என் கையெழுத்துதான்

துப்பறியும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் பூதக்கண்ணாடியை வரைந்தவன் அதற்குக் கைப்பிடி வைக்க மறந்துவிட்டான். அதனால் படியேறி வருபவர்களில் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடி வாங்கத்தான் வருவார்கள். சனிக்கிழமை காலை வாசலில் நின்ற பேருந்து ஓட்டுநரையும் அவர் மகளையும் பார்த்ததும், தம்பி வழக்கம்போல், "கண் டெஸ்ட்டா? எதிர் கட்டடம்" என்றான்.

"என் பொண்ணை மோசடிக்காரின்னு சொல்றாங்க," என்றார் ஓட்டுநர். "அதுக்கும் எதிர் கட்டடமா?"

தம்பி எழுந்து நாற்காலியைத் துடைத்தான்.

தம்பி என்றால் பொடியன் இல்லை; வயது நாற்பத்து நான்கு. மூன்று தொழில்களைத் தொடங்கி மூன்றையும் சொந்தக் கையாலேயே இழுத்து மூடிய அனுபவசாலி. நிலையத்தை நடத்துபவர் அவனுடைய அக்கா. அக்கா குரலை உயர்த்தி அவன் கேட்டதே இல்லை. அதனாலேயே அவர் வாயைத் திறந்தால் அவன் எழுந்து நின்றுவிடுவான்.

மாணவி வணிகவியல் இறுதியாண்டு. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு வங்கிக் கிளையில் பயிற்சி. அந்தச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்தால்தான் பட்டம். கடைசி வாரத்தில்தான் இடி விழுந்தது.

ஒரு தையல்காரர், கண் அறுவைச் சிகிச்சைக்கென்று போட்டு வைத்திருந்த டெபாசிட்டை எடுக்கப் போயிருக்கிறார். டெபாசிட் இல்லை. அது பத்து வருடத்துக்குத் தொட முடியாத இன்சூரன்ஸ் பாலிசியாக உருமாறியிருந்தது. அவரே சம்மதித்ததாக ஒரு படிவம், அடியில் கையெழுத்து. தான் போடவே இல்லை என்று அவர் தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

"ஃபாரத்தை நிரப்பினது நான்தான்," என்றாள் மாணவி. "ஒரு நாளைக்கு நாற்பது நிரப்புவேன். லிஸ்ட் கொடுப்பாங்க, பேரு, விலாசம், தொழில் எல்லாம் எழுதுவேன். கையெழுத்து போடுற இடம் காலியாத்தான் இருக்கும். போன வியாழக்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, 'இது உன் கையெழுத்தா?'ன்னு கேட்டார். ஆமான்னேன். எழுதிக் கொடுன்னார். கொடுத்தேன்."

"என்னன்னு எழுதினே?" என்றார் அக்கா.

"'இந்தப் படிவத்தில் இருப்பது என் கையெழுத்துதான்'னு."

ஓட்டுநர் கூரையைப் பார்த்தார்.

"நீ எழுதினதும் கையெழுத்து, அவர் போட வேண்டியதும் கையெழுத்து," என்றார் அக்கா. "நம்ம பேச்சுல ரெண்டுக்கும் ஒரே சொல்தான். அதை வச்சே உன்னைக் கட்டிப் போட்டுட்டாங்க."

"திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அப்பாவோட வரச் சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் காலேஜுக்கு லெட்டர் போயிடும் மேடம். சர்டிபிகேட் கிடையாது. என்னைக் காலேஜை விட்டே வெளியே அனுப்பிடுவாங்க."

விவரமான பெண், படிவத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். கட்டங்களில் அவளுடைய குண்டு குண்டான எழுத்து. அடியில் தையல்காரரின் பெயர், வழுக்கிக்கொண்டு போகும் எழுத்துகளில். கையெழுத்தின் கீழிருந்து தொடங்கி, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலேறும் ஒரு சாய்ந்த கோடு. எல்லாம் ஒரே நீல மை.

"அங்க வேற என்ன வேலை பார்த்தே?"

"முதல் மூணு வாரம் ரெக்கார்டு ரூம். கணக்கு ஆரம்பிக்கும்போது கஸ்டமருங்க மாதிரிக்குக் கையெழுத்து போடுற அட்டை இருக்கில்ல, அதை நம்பர் வாரியா அடுக்கணும். தூசி, தும்மல், நீலக் கையெழுத்து, சிவப்புக் கோடு. கண்ணை மூடினா அதுதான் வரும்."

"கம்ப்யூட்டர்ல?"

"தொடவே கூடாது. பயிற்சிக்கு வந்தவங்களுக்கு பாஸ்வேர்டு கிடையாது. அதுல கையெழுத்தைப் பார்க்க மூணு பேருக்குத்தான் அனுமதி. மேனேஜர், கிளார்க் அம்மா, மாப்பிள்ளை."

"யாரோட மாப்பிள்ளை?" என்றான் தம்பி.

"யாரோடதும் இல்ல சார். இன்சூரன்ஸ் ஆபீசர், எட்டு மாசம் முன்னாடி புதுசா வேலைக்குச் சேர்ந்தவர். தினமும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி கோட்டு போட்டுட்டு வருவார். கிளார்க் அம்மா வச்ச பேரு."

அவர்கள் இறங்கிப் போனதும் தம்பி குற்றவாளியைப் பிடித்துவிட்டான். "கிளார்க் அம்மாதான்க்கா. பட்டப்பேர் வைக்கிறவங்களுக்கு மனசு முழுக்க விஷம்."

"நம்ம ஹவுஸ் ஓனருக்கே நீ நாலு பேரு வச்சிருக்கேடா."

தம்பி வழக்கைத் தற்காலிகமாக ஒத்திவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரரின் கடைக்குப் போனார்கள். ஊசியில் நூல் கோக்க ஒரு பள்ளிச் சிறுமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டதும், மூக்கு தாளில் உரசக் குனிந்து போட்டார். எழுத்துகள் குளிரில் நின்ற மாதிரி நடுங்கின. கோடு எதுவும் இல்லை.

"கடைசியில கோடு ஏதாவது இழுப்பீங்களா?"

"கோடா? அது துணியில போடுறதும்மா. பேருக்கு எதுக்கு?"

"நாளைக்கு எங்களோட பேங்குக்கு வரணும். உங்க அட்டையை நீங்க கேட்டாத்தான் காட்டுவாங்க."

"வர்றேன். வியாழக்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள எப்படியாவது என் காசு வந்தாப் போதும்."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேலாளர் அறையில் நாற்காலிகள் போதவில்லை. தம்பி குடிநீர் கேனில் சாய்ந்து நின்றான். கேன் ஒருமுறை குமிழிவிட்டு எதிர்ப்புத் தெரிவித்தது. மேலாளர் நரைத்த மீசையோடு சாந்தமாக இருந்தார். மாப்பிள்ளை கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு, நகம் பார்த்துக்கொண்டிருந்தான். கிளார்க் அம்மா, ஓய்வுக்கு எட்டு மாதம் மிச்சமிருப்பவர், தையல்காரர் கேட்ட அட்டையை எடுத்து வந்து மேசைமேல் வைத்துவிட்டுக் கதவருகே நின்றுகொண்டார்.

"பாப்பாவே எழுதிக் கொடுத்தாச்சு," என்றார் மேலாளர். "இதுல துப்பறிய என்ன இருக்கு?"

"பாப்பா ஒத்துக்கிட்டது கட்டத்துல இருக்கிற எழுத்தை. நீங்க வாங்கிக்கிட்டது அடியில இருக்கிறதுக்கு," என்றார் அக்கா. "அது இருக்கட்டும். இந்த அட்டையைப் பாருங்க. கையெழுத்து நீலம், குறுக்கே ஒரு கோடு, சிவப்பு. அந்தக் காலத்துல ஆபீசர் எதிர்லயே போட்டதுன்னு காட்ட சிவப்புப் பேனாவுல ஒரு கோடு இழுப்பாங்க. சரிதானே?"

மேலாளர் தலையசைத்தார்.

"இப்போ உங்க கம்ப்யூட்டரை இந்தப் பக்கம் திருப்புங்க."

திரையில் அதே அட்டை, ஸ்கேன் செய்து ஏற்றியது. ஆனால் கறுப்பு வெள்ளை. கையெழுத்தும் கோடும் ஒரே நிறத்தில் ஒட்டிக்கொண்டு, கோடும் பெயரின் வால்போலவே தெரிந்தது. தம்பிக்கு அப்போதுதான் உச்சந்தலையில் விளக்கெரிந்தது. அக்காவுக்குச் சனிக்கிழமையே எரிந்திருக்கும்.

"கள்ளக் கையெழுத்தைப் போட்டவங்க கோட்டையும் சேர்த்துப் போட்டிருக்காங்க. அவங்களுக்கு அது கையெழுத்தோட ஒரு பாகம். இந்தப் பொண்ணு மூணு வாரம் அட்டையிலயே குடியிருந்தவ, திரையைப் பார்த்ததே இல்ல. போட்டிருந்தா கோட்டை விட்டிருப்பா. கிளார்க் அம்மாவுக்கும் உங்களுக்கும் அந்தக் கோடு என்னன்னு தூக்கத்துல கேட்டாலும் தெரியும். அட்டையைக் கண்ணால பார்க்காம, திரையை மட்டும் பார்க்கிற ஆள் இங்க ஒருத்தர்தான்."

எல்லாரும் கோட்டைப் பார்த்தார்கள், அதாவது மாப்பிள்ளை போட்டிருந்த கோட்டை.

"மேடம், இது வெறும் ஊகம்," என்றான் அவன். "நான் போட்டிருந்தா சிஸ்டம் எப்படி விடும்? இன்னொருத்தர் ஒப்பிட்டுப் பார்த்து ஓகே பண்ணணும்."

"அதைத்தான் கேட்க வந்தேன் தம்பி," என்றார் அக்கா. "ஓகே பண்ணினது யாரு?"

கேனில் சாய்ந்திருந்த தம்பி, தன்னைத்தான் கேட்கிறாரோ என்று ஒரு கணம் நிமிர்ந்தான்.

கதவருகிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. "மேனேஜர் சார்தான் ஓகே பண்ணினார்." கிளார்க் அம்மா அட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சிவப்புக் கோடும் சார் போட்டதுதான். இருபத்திரண்டு வருஷம் முன்னாடி இங்க ஜூனியரா இருந்தார். நான் பக்கத்துல நின்னேன்." சொல்லிவிட்டு வெளியே போய்க் கவுன்டரில் உட்கார்ந்தார்.

"தெரியாதவர் போட்டார். தெரிஞ்சவர் விட்டார்," என்றார் அக்கா. "உங்க கோட்டையே அவர் கையெழுத்துன்னு பாஸ் பண்ணியிருக்கீங்க. எத்தனை பாலிசி பாக்கி இருந்தது சார், அந்த மாச டார்கெட்டுக்கு?"

"ரெண்டு," என்றார் மேலாளர். அவருடைய குரல் கொஞ்சம் கிழிந்திருந்தது. "ரெண்டே ரெண்டு."

அத்தோடு நியாயம் வென்றது என்று தம்பி நினைத்தான். அவனுடைய மூன்று தொழில்களும் மூடப்பட்டது இப்படிப்பட்ட நினைப்புகளால்தான்.

எல்லாரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மேலாளர் தலைமை அலுவலகத்தோடு இருபது நிமிடம் தொலைபேசியில் பேசினார். வெளியே வந்தபோது மறுபடி சாந்தமாகியிருந்தார். டெபாசிட் இன்றைக்கே திரும்ப வரும். ஆனால் புகாரை வாபஸ் வாங்கினால்தான் இன்றைக்கே. விசாரணை என்றால் மூன்று மாதம். தையல்காரர் மாணவியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். "வியாழக்கிழமைம்மா," என்றார், மன்னிப்பு கேட்கிற மாதிரி. வாபஸ் கடிதத்தில் மூக்கு உரசக் குனிந்து கையெழுத்து போட்டார். புகார் இல்லாததால் குற்றம் இல்லை. குற்றம் இல்லாததால் குற்றவாளியும் இல்லை. மாணவி எழுதிக் கொடுத்த தாளை மேலாளரே கிழித்துக் கூடையில் போட்டார், பெரிய மனது பண்ணி.

சான்றிதழ் அச்சாகி வந்தது. 'ஆர்வத்துடன் பயின்றார்' என்று இருந்தது. மேலாளர் தன் இடத்தில் போட்டுவிட்டு, "பயிற்சி வழிகாட்டியும் போடணும்" என்றார்.

"யாரு வழிகாட்டி?" என்றார் ஓட்டுநர்.

ஏட்டில் இருந்தது மாப்பிள்ளையின் பெயர். அவள் அவனிடம் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டது, மவுஸைத் தொடக்கூடாது என்பது ஒன்றுதான்.

"வேற யாராவது போட்டா?" என்றாள்.

"செல்லாது. காலேஜ்ல கொடுக்க இன்னிக்குத்தானே கடைசி நாள்?" என்றார் மேலாளர்.

ஓட்டுநர் முஷ்டியை இறுக்கினார். அக்கா மாணவியைப் பார்த்தார். முடிவு அவள் கையில்தான் இருந்தது. மாணவி சான்றிதழை மேசையின் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

மாப்பிள்ளை பைகளைத் தட்டிப் பார்த்தான். "பேனா இருக்கா?"

அவள் தன் பேனாவைக் கொடுத்தாள்.

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஓட்டுநர் எவ்வளவு ஆச்சு என்று கேட்க, அக்கா அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த 'அப்புறம்' வரவே வராது என்று தம்பிக்குத் தெரியும். நிலையத்து வாடகை யார் தலையில் விழும் என்பதும் தெரியும். இருந்தும் முதல்முறையாக அவன் வாயைத் திறக்கவில்லை.

மாணவி சான்றிதழை உறைக்குள் போட்டாள். திரும்ப வெளியே எடுத்துப் பார்த்தாள்.

"போடும்போது அவர் கை நடுங்கவே இல்ல மேடம். அந்த ஃபாரத்துல போடும்போதாவது நடுங்கியிருக்குமா?"

அக்கா கொஞ்ச தூரம் நடந்தார். பொய் சொல்ல இடம் இருந்தது. தம்பியாக இருந்தால் சொல்லியிருப்பான்.

"இல்லம்மா," என்றார். "அதை நான் நல்லாவே பார்த்தேன். நடுங்கல."