பத்துத் தேங்காய் மழை

எங்கள் எஃபாட்டே தீவில் நல்ல மழை பெய்தால், மீன்களுக்குக் கடல் எது, தோட்டம் எது என்று தெரியாது. ஒருமுறை என் முட்டைக்கோஸுக்குள் ஒரு மீன் குடும்பமே நடத்தியது. நம்பாவிட்டால் போங்கள், மீன் கோபித்துக்கொள்ளாது.

அந்த வருடம் வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அடுத்த மூன்று மாத மழை, வழக்கத்தைவிடக் குறைய வாய்ப்பு அறுபது சதவீதம், வழக்கம்போல் பெய்ய முப்பது, கூடுதலாகப் பெய்ய பத்து.

ஊர்த்தலைவர் கல்மேட் பூரித்துப்போனார்.

"அறுபது மார்க்! மழை பாஸ்! ஓடைக்கரை முங்கிடும், நாளைக்கு விதைக்கிழங்கு பூராவையும் மலைமேல நட்டுடுங்க!"

தலைவர் சொன்னால்தான் எங்கள் ஊரில் வள்ளிக்கிழங்கு மண்ணுக்குள் போகும். சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை. மலையிலோ மழையை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. விதை காய்ந்தால் அடுத்த வருடம் ஊரே பட்டினி.

ஒன்பது வயது லெய்வியா முன்னால் வந்தாள். தலைவர் அவளுக்குத் தாய்மாமா.

"மாமா, அது மார்க் இல்ல. மழை குறையத்தான் வாய்ப்பு அதிகம்னு போட்டிருக்கு."

"போடி! நானே பள்ளிக்கூடத்துல அறுபது வாங்கினதில்ல. அதைக் குறைவுங்கிறியா?"

லெய்வியா ஓடினாள். பத்துத் தேங்காய்களோடு வந்தாள். ஆறு காலி, மூன்றில் பாதித் தண்ணீர், ஒன்று நிறைய. ஊரே கூடிவிட்டது. மாமாவின் கண்ணைக் கட்டினாள்.

"ஒண்ணைத் தொடுங்க. அதுதான் நம்ம மழை."

தொட்டார். காலி. கலைத்து வைத்தாள். மறுபடி காலி.

"குட்டி ஏமாத்துறா!"

அடுத்தது பாதி. அதற்கடுத்தது காலி. ஐந்தாவது நிறைகாய்! ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஆட ஆரம்பித்தார்.

"பாத்தியா! மழை!"

"அந்த ஒண்ணை நம்பி ஊர்ச் சோத்தை மொத்தமா மலையில வைப்பீங்களா, மாமா?"

ஆட்டம் நின்றது. தூக்கிய காலைக் கீழே இறக்க அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வரை ஆனது.

"ஒரு பங்கு மலையில," என்றார் மெல்ல. "மிச்சமெல்லாம் ஓடைக்கரையில!"

மழை ஏமாற்றியது. மலையில் வெயிலுக்குப் பல்லியும் தொப்பி போட்டு நடந்தது. ஆனால் ஓடைக்கரையில் விளைந்த கிழங்கு இருக்கிறதே! நாங்கள் ஒருமுனையைத் தோண்டும்போதே, மறுமுனையைப் பக்கத்து ஊர்க்காரர்கள் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

முதல் கிழங்கு தலைவருக்கு என்பது வழக்கம். அவர் அதை லெய்வியாவின் கையில் வைத்தார். கிழங்கோடு அவளும் சாய்ந்தாள். ஊர் போட்ட ஆரவாரத்தில் நாலு தென்னைகள் தாமாகவே காய் உதிர்த்தன.

இப்போது தாள் வந்ததும் லெய்வியா தேவாலயத்தின் முன்னால் பத்துத் தேங்காய்களை வரிசையாக வைக்கிறாள். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நடவுக்குப் போகிறார்கள்.

போன மாதம் ஏழு காய் நிறைந்திருந்தன. தலைவர் ஏழையும் குடித்து, வயிற்றைத் தடவி, பெரிய ஏப்பம் விட்டார்.

"வெள்ளம் வரும்போல இருக்கு. எல்லாரும் தயாரா இருங்க!"